காபி குடிச்சீங்களா, இளைப்பு இருக்கா?

காலை ஏழரை மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கீழ்த்தளம். கதவில் கதிரியக்க எச்சரிக்கைச் சின்னம். அதற்குக் கீழே கர்ப்பிணிகள் உள்ளே வர வேண்டாம் என்று ஒரு பலகை. வெளியே இரும்பு நாற்காலி வரிசையில் இருப்பவர்களில் பாதிப்பேர் நோயாளிகள், பாதிப்பேர் துணைக்கு வந்தவர்கள். யார் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். துணைக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

நோயாளிகளின் புறங்கையில் வென்ஃப்ளான் ஊசி குத்தி வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. அந்தக் கையை மட்டும் மடியில் தனியாக வைத்துக்கொள்கிறார்கள். மறு கையில் ஃபைல். ஆஞ்சியோ வரைக்கும் போகவேண்டுமா என்று பார்த்துச் சொல்ல அனுப்பப்பட்டவர்கள். டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்க்கலாம்தான், இவர்களால் முடியாது. ஒருவருக்கு மூட்டு தேய்ந்திருக்கிறது. ஒருவர் பக்கவாதத்துக்குப் பிறகு இடது காலை இழுத்து நடக்கிறார். ஓர் அம்மாவுக்குச் சர்க்கரையால் பாதத்தில் ஆறாத புண். ஓடாமலேயே இதயத்தின் இரத்த ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோக ஒரு மருந்து இருக்கிறது. அதன் பெயர் அடினோசின். நம் ஒவ்வொருவர் உடம்பும் நொடிதோறும் தானே தயாரித்துக்கொள்கிற பொருள்.

சிஸ்டர் கையில் படிவத்தோடு வருகிறார். சின்னப் பெண், குரல் மட்டும் பெரியது.

“பேர் சொல்லுங்கம்மா. எடை பார்த்தாச்சா? நேத்துலருந்து காபி, டீ, கோலா ஏதாவது குடிச்சீங்களா? இளைப்பு, வீசிங், ஆஸ்துமா இருக்கா?”

எல்லாம் ஒரே மூச்சில். பதிலும் அதே வேகத்தில் வருகிறது: இல்ல, இல்ல, இல்ல. பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டால் சீக்கிரம் உள்ளே விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிற முகங்கள். கடைசி இரண்டு கேள்விகளையும் அவர்கள் சற்று நின்று கேட்டால் தேவலை என்று எனக்குப் படுகிறது. இந்தத் தளத்தில் கேட்கப்படுகிறவற்றில் அவற்றைவிடக் கனமானவை கிடையாது.

திருமங்கலத்திலிருந்து வந்த அம்மா மட்டும் உண்மையைச் சொல்கிறார். “ஒரே ஒரு டம்ளர்தான் பாப்பா. நாலரை மணிக்குப் பஸ்ஸுக்குக் கிளம்புறப்ப. அது இல்லாட்டி எனக்குத் தலை நிக்காது.”

சிஸ்டர் படிவத்தை மூடுகிறார். “இன்னைக்கு எடுக்க முடியாதும்மா. நாளைக்கு வாங்க. இன்னைக்கு மத்தியானத்துலருந்து காபி வாசம்கூடக் கூடாது.”

மகள் கோபப்படுகிறாள். போனில் விவரம் கேட்டுக்கொண்டது அவள் புருஷன். அவர் சொல்ல மறந்துவிட்டார். ஒரு டம்ளர் காபிக்காக ஒரு நாள் கூலி போய்விட்டதே என்ற ஆற்றாமை. நியாயமான ஆற்றாமைதான். ஆனால் சிஸ்டர் செய்தது சரி.

அடினோசின் தனியாக எதையும் செய்துவிடுவதில்லை. செல்களின் மேற்பரப்பில் அதற்கென்று ஏற்பிகள் உண்டு. அங்கே போய் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். காபியிலுள்ள காஃபீன் உருவத்தில் அடினோசினுக்குக் கொஞ்சம் ஒத்துப்போகும். அது முந்திக்கொண்டு அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கிறது, பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிப்பதைப்போல. துண்டு ஊருக்குப் போவதில்லை, ஆனால் டிக்கெட் எடுத்தவர் உட்கார முடியாது. நாள் முழுக்க மூளையில் சேர்கிற அடினோசின்தான் நமக்குத் தூக்கத்தைக் கொண்டுவருகிற காரணங்களில் ஒன்று. காபி தூக்கத்தை விரட்டுவதும் இதே வழியில்தான். பரிசோதனையில் இது வேறு வடிவம் எடுக்கிறது. மருந்து ஏறும், ஆனால் இதயக் குழாய் முழுதாக விரியாது. படம் சுத்தமாக வரும். அடைப்பு இருந்தும் இல்லை என்று சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பரிசோதனை நடக்காமல் போவதைவிட இது மோசம். அதனால்தான் குறைந்தது 12 மணி நேரம், பல இடங்களில் 24 மணி நேரம், காபியும் டீயும் கூடாது என்கிறார்கள்.

உள்ளே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஓரமாக ஒரு நாற்காலி எனக்குக் கிடைத்திருக்கிறது. அந்தப் பக்கம் கட்டிலில் ஒரு மனிதர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நெஞ்சில் ஈ.சி.ஜி. ஒயர்கள், ஒரு கையில் பி.பி. பட்டை, மறு கையில் சிரிஞ்ச் பம்பிலிருந்து வரும் மெல்லிய குழாய். ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம் என்பது கணக்கு. அறுபது கிலோ ஆளுக்கு நிமிடத்துக்கு எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல். மொத்தம் ஆறு நிமிடம். சுவரோரம் உள்ள டிராலியில் அமினோஃபிலின் ஆம்பியூலும், மருந்து ஊற்றிவைத்த நெபுலைசரும் தயாராக இருக்கின்றன.

பம்ப் ஓட ஆரம்பிக்கிறது. ஒரு நிமிடம் முடிவதற்குள் அவர் முகம் சிவக்கிறது. காது மடல்கூட. “நெஞ்சை அழுத்துது டாக்டரம்மா.”

“அழுத்தும். மருந்துதான். என்ன பண்ணுதுன்னு சொல்லிக்கிட்டே இருங்க.”

“மூச்சு பெருசா வாங்குது. தொண்டையைப் பிடிக்குது.”

மானிட்டரில் நாடித்துடிப்பு எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகளுக்கு ஏறியிருக்கிறது. அவர் வலது கை கட்டிலின் விளிம்பைப் பிடித்திருக்கிறது. விரல் கணுக்கள் வெளுத்துப்போயிருக்கின்றன. மூன்றாவது நிமிடத்தில் டெக்னீஷியன் ஈயக் கவசம் போட்ட சிரிஞ்சோடு வந்து கதிரியக்க மருந்தைக் குழாயில் ஏற்றிவிட்டு விலகுகிறார். பலர் இதை இன்னமும் தாலியம் டெஸ்ட் என்றுதான் சொல்கிறார்கள். இப்போது பெரும்பாலும் ஏற்றுவது டெக்னீசியம். ஆறாவது நிமிடம் பம்ப் நிற்கிறது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து முடிப்பதற்குள் சிவப்பு இறங்கிவிட்டது. கட்டில் விளிம்பிலிருந்த கை வயிற்றுக்கு வந்துவிட்டது.

“போயிருச்சு,” என்கிறார் அவர், நம்ப முடியாமல்.

போய்த்தான் விட்டது. இரத்தத்தில் அடினோசினின் அரை ஆயுள் பத்து நொடிகூட இல்லை. சிவப்பணுக்களும் இரத்தக் குழாயின் உட்சுவரும் அதை உடனே உள்ளிழுத்துக்கொள்கின்றன. ஆஸ்துமா இல்லாதவர்களுக்கும் ஏற்படுகிற அந்த மூச்சு வாங்கல், கழுத்துத் தமனியிலுள்ள உணர்வு உறுப்பை மருந்து தூண்டிவிடுவதால் வருவது. மூச்சுக்குழாய் அவருக்குத் திறந்தேதான் இருந்தது. அவர் பயந்தது வீண் பயமல்ல. ஆனால் ஆபத்து அதில் இல்லை.

அந்த ஆறு நிமிடத்தில் அவர் இதயத்துக்குள் என்ன நடந்தது என்பது எனக்குத் திகட்டாத விஷயம். உடம்பின் மற்ற உறுப்புகள், ஓய்வில் இருக்கும்போது, தம்மைக் கடந்துபோகும் இரத்தத்திலிருந்து கால்பங்கு ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். மீதி கையிருப்பு. இதயத் தசையோ ஓய்விலேயே எழுபது சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகிறது. கூடுதலாக உழைக்க வேண்டி வந்தால் அதற்குக் கையிருப்பு கிடையாது. இரத்தம் அதிகமாக ஓடி வந்தால்தான் உண்டு. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் என்று ஓடுவது நான்கைந்து மடங்காக உயர வேண்டும். தசைக்கு ஆக்ஸிஜன் போதாதபோது அதன் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறு பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாக இழந்து கடைசியில் அடினோசினாக நிற்கிறது. அது செல்லைவிட்டு வெளியே வந்து அருகிலுள்ள சிறு தமனியின் தசையைத் தளர்த்துகிறது. குழாய் விரிகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மின் இணைப்பில் போய்த் துடிப்பையும் நிதானப்படுத்தப் பார்க்கிறது. பசித்தவனே தன் பசியைச் சொல்லி, சோற்றையும் வரவழைத்து, வேலையையும் குறைத்துக்கொள்கிற ஏற்பாடு.

அடினோசினின் இந்த விளைவுகளை முதலில் கண்டவர்கள் கேம்பிரிட்ஜில் இருந்த ஆலன் ட்ரூரியும் ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜியும். 1929இல் இதயத் தசையிலிருந்து பிரித்தெடுத்த சாற்றை விலங்குகளுக்குச் செலுத்தியபோது துடிப்பு தடுமாறி நிதானித்தது, இதயக் குழாய்கள் விரிந்தன. சாற்றில் இருந்தது அடினோசின் குடும்பத்துப் பொருள். சென்ட்-ஜியோர்ஜி பின்னால் 1937இல் நோபல் பரிசு பெற்றது வேறு வேலைக்காக. வைட்டமின் சி-யோடு சேர்த்துத்தான் அவர் பெயரை நாம் படித்திருக்கிறோம். இதயம் தன் இரத்த ஓட்டத்தைத் தானே அடினோசின் மூலம் கேட்டு வாங்குகிறது என்ற கருத்தை 1963இல் முன்வைத்தவர் அமெரிக்காவின் ராபர்ட் பெர்ன். அதே ஆண்டில் ஜெர்மனியில் எக்கேஹார்ட் கெர்லாக்கின் குழுவும் தனியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. அழகான கருத்து. பிற்காலச் சோதனைகள் அதை அப்படியே விட்டுவைக்கவில்லை. ஆரோக்கியமான இதயத்தில் அடினோசினின் வேலையைத் தடுத்தாலும் உழைப்புக்கேற்ற ஓட்டம் பெரிதாகக் குறைவதில்லை என்று தெரியவந்தது. வேறு வழிகளும் இதயத்துக்கு உண்டு. குழாய் குறுகி, ஆக்ஸிஜனுக்குத் தட்டுப்பாடு வரும்போதுதான் அடினோசினின் கை ஓங்குகிறது. ஒரு கருத்து சுருங்கிய பிறகும் இவ்வளவு பயன்படுகிறது என்பதே எனக்கு அதன்மேல் மரியாதையைக் கூட்டுகிறது.

பரிசோதனையின் நுட்பம் லான்ஸ் கூல்ட் என்ற ஆய்வாளர் 1974இல் நாய்களிடம் செய்த ஆய்விலிருந்து வந்தது. இதயக் குழாய் பாதி அடைத்திருந்தாலும் ஓய்வில் இரத்த ஓட்டம் குறைவதில்லை. விட்டத்தில் சுமார் 85 சதவீதம் அடைத்த பிறகுதான் குறைகிறது. அதுவரை நோயாளிக்கும் தெரியாது, ஓய்வில் எடுக்கும் படத்துக்கும் தெரியாது. ஆனால் ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனால் பாதி அடைப்பே காட்டிக்கொடுத்துவிடும். நல்ல குழாயில் ஓட்டம் நான்கு மடங்காகிக் கதிரியக்க மருந்தை அள்ளிக்கொண்டு போகிறது. குறுகிய குழாய் பின்தங்குகிறது. காமா கேமராவின் திரையில் ஆரஞ்சு வளையத்தில் ஓரிடம் மங்கித் தெரிகிறது. பஸ் ஓட்டியவருக்கு அந்த மங்கல் கீழ்ச்சுவரில் இருக்கிறதா என்று பார்க்க இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். அவர் வெளியே போய் உட்காருகிறார்.

அடுத்து ஒரு பெரியவர். மேலூர்ப் பக்கம். முப்பது வருடம் அரிசி ஆலையில் தவிட்டுத் தூசியில் நின்றவர் என்று பின்னால் தெரிந்தது. கூட மகன்.

“இளைப்பு இருக்காய்யா?”

“இல்லம்மா. பனிக்காலத்துல கொஞ்சம் சளி. எல்லாருக்கும் உள்ளதுதான்.”

சிஸ்டர் எழுதவில்லை. பேனா படிவத்துக்கு மேலே நிற்கிறது. அவர் பெரியவரின் பதிலைக் கேட்டதைவிட அது வந்த விதத்தைக் கவனித்திருக்கிறார். ‘சளி’ என்பதற்கும் ‘எல்லாருக்கும்’ என்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. எடுக்கும்போது கழுத்தெலும்புக்கு மேலே இரண்டு பக்கமும் குழி விழுந்தது.

“சாப்பிடுற மாத்திரை எல்லாம் காட்டுங்கய்யா.”

மஞ்சப்பை வருகிறது. சிஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்குகிறார். சர்க்கரை மாத்திரை. ஆஸ்பிரின். கொழுப்புக்கு ஒன்று. பாதி தீர்ந்த டெரிஃபிலின் அட்டை. பையின் அடியில், கைக்குட்டையில் சுருட்டி, நீல நிற இன்ஹேலர். வாய் வைக்கும் இடத்தில் வெற்றிலைக் கறை.

மகன் அப்பாவைப் பார்க்கிறான். “ஏம்ப்பா மறைக்கிறீங்க?”

“சொன்னா டெஸ்ட் எடுக்க மாட்டாங்கன்னாரு பக்கத்துல இருந்தவரு. நீ வேலைக்கு லீவு போட்டு வந்திருக்க.”

இதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருந்தது. பெரியவர் பொய் சொன்னது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல. பிள்ளையின் ஒரு நாளைக் காப்பாற்ற. நம் வீடுகளில் வயதானவர்கள் இப்படித்தான் நோயை மறைக்கிறார்கள். மற்ற இடங்களில் அது பிறகு தெரிந்தால் போதும். இந்த அறையில் பம்ப் ஓடுவதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டும்.

அதன் காரணம் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் கிடைத்தது. 1983இல் கஷ்லி, டேட்டர்ஸ்ஃபீல்ட், ஹோல்கேட் என்ற மூவர் ஆரோக்கியமானவர்களையும் ஆஸ்துமாக்காரர்களையும் அடினோசினை மூச்சில் இழுக்கச் சொன்னார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய் சுருங்கியது. அடினோசினுக்கு நெருங்கிய உறவான குவானோசினை இழுத்தபோது யாருக்கும் எதுவும் நேரவில்லை. அதாவது எரிச்சலால் வந்த சுருக்கமல்ல. அடினோசினுக்கென்றே ஆஸ்துமா நுரையீரல் காட்டுகிற பதில். இதயக் குழாயைத் திறக்கிற அதே பொருள் ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயை மூடுகிறது.

ஒரே பொருள் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்வது ஏற்பிகளால். அடினோசின் ஏற்பிகள் நான்கு வகை. இதயக் குழாயின் தசையைத் தளர்த்துவது முக்கியமாக ஏ2ஏ. மின் இணைப்பை நிதானப்படுத்துவது ஏ1. மூச்சுக்குழாயின் சுவரில் மாஸ்ட் செல்கள் என்று சில உண்டு; ஆஸ்துமா உள்ளவர்களிடம் அவை எப்போதும் உசுப்பேறிய நிலையில் இருக்கின்றன. அவற்றின் ஏ2பி ஏற்பியை அடினோசின் தொட்டால், சேமித்து வைத்திருக்கும் ஹிஸ்டமினையும், புதிதாகத் தயாரிக்கும் லூக்கோட்ரீன்களையும் கொட்டிவிடுகின்றன. மூச்சுக்குழாயை இறுக்குபவை இவைதான். அடினோசின் நொடிகளில் போய்விடும். அது கிளப்பிவிட்ட ஹிஸ்டமின் அவ்வளவு சீக்கிரம் போகாது. பஸ் ஓட்டியவருக்குப் பம்ப் நின்றதும் எல்லாம் நின்றது. இந்தப் பெரியவருக்கு நிற்காமல் போகலாம். இரத்தத்தில் ஏற்றும்போது எல்லா ஆஸ்துமாக்காரர்களுக்கும் இப்படி ஆவதில்லை. யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் டிராலியில் அந்த ஆம்பியூல் இருப்பதற்குக் காரணம்.

மேசையிலிருந்த டெரிஃபிலின் என்ற இளைப்பு மாத்திரை அட்டையும் இதே கதையின் ஒரு துண்டு. அதிலுள்ள தியோஃபிலின் 1888இல் டீ இலையிலிருந்து ஆல்பிரெக்ட் கோசல் பிரித்தெடுத்தது; காஃபீனுக்கு உடன்பிறப்பு. அதுவும் அடினோசினின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டிராலியில் தயாராக இருக்கும் அமினோஃபிலினும் தியோஃபிலினின் இன்னொரு உருவம்தான். 1859இல் ஹென்றி ஹைட் சால்டர் என்ற ஆங்கில மருத்துவர், தானே ஆஸ்துமாவில் அவதிப்பட்டவர், இளைப்புக்கு வெறும் வயிற்றில் கடுங்காபி நல்லது என்று எழுதியிருக்கிறார். எழுபது வருடம் கழித்துத்தான் ட்ரூரியின் சாறு வந்தது. கிராமத்தில் இளைப்பு வந்த கிழவிக்குச் சர்க்கரை போடாத கடுங்காபி கலந்து கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதில் அர்த்தம் இருந்திருக்கிறது. அது வைத்தியம் ஆகாது, இன்ஹேலருக்குப் பதிலும் ஆகாது. ஆனாலும் அர்த்தம் இருந்திருக்கிறது.

டாக்டர் வந்து பெரியவரின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கிறார். “வாயைத் திறந்து மூச்சு இழுத்து விடுங்கய்யா. இன்னொரு தடவை.” நான்கு இடத்தில் வைத்துப் பார்க்கிறார். கடைசி இடத்தில் அதிக நேரம் நிற்கிறார்.

“இப்பவே விசில் அடிக்குதுய்யா உள்ள. இன்னைக்கு இந்த மருந்து வேண்டாம்.”

“நெஞ்சுக்குத்தானே ஏத்துறீங்க?” என்று மகன் கேட்கிறான்.

“நெஞ்சுக்குத்தான். ஆனா அது மூச்சுக்குழாய்க்கும் போகும்ல? இவருக்கு அங்க அடைச்சுக்கும். டோபுட்டமின்னு வேற மருந்து இருக்கு. அது குழாயை நேரா விரிக்காது, இதயத்தையே கொஞ்சம் வேகமா வேலை பார்க்க வைக்கும். மூச்சுக்குழாயைச் சுருக்காது. முதல்ல நெஞ்சு டாக்டர்கிட்டப் போய் இளைப்பை அடக்கிட்டு வாங்க. அடுத்த வாரம் எடுத்துத் தர்றேன்.”

அருகிலிருந்த இளம் டாக்டர் ரெகாடெனோசன் என்கிறார். ஏ2ஏ ஏற்பியை மட்டும் பெரிதும் நாடுகிற மருந்து. அமெரிக்காவில் 2008இல் அனுமதி பெற்றது. ஆஸ்துமா கட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது உதவும். டாக்டர் தலையசைக்கிறார். விசில் அடிக்கும்போது அதுவும் வேண்டாம்.

பெரியவர் எழுந்திருக்கவில்லை. லீவு வீணாகிவிட்டது என்ற எண்ணத்திலிருந்து அவர் இன்னும் வெளியே வரவில்லை. டாக்டர் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலை வாங்கி, அட்டையின் மேல் சிவப்பு மையில் ஆங்கிலத்தில் எழுதுகிறார். எழுதிக்கொண்டே மகனிடம் சொல்கிறார்:

“இதை எங்க போனாலும் முதல்ல காட்டணும். நடுராத்திரி படபடன்னு அடிக்குதுன்னு கேஷுவாலிட்டிக்குக் கூட்டிட்டுப் போவீங்க. அங்கயும் இதே மருந்துதான் கையில எடுப்பாங்க. சட்டுனு ஆறு மில்லிகிராம் ஏத்துவாங்க, துடிப்பு நிக்கலைன்னா பன்னிரண்டு. தப்பில்ல, நல்ல மருந்து. இவருக்கு இளைப்பு இருக்குன்னு தெரிஞ்சா வேற மருந்து போடுவாங்க. தெரியணும், அவ்வளவுதான்.”

பெரியவர் அட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்க்கிறார். “தமிழ்ல எழுதிக் குடுங்க டாக்டரம்மா. இவன் கூட இல்லாதப்ப நானே வாசிச்சுச் சொல்லிக்குவேன்.”

டாக்டர் கீழே தமிழில் எழுதுகிறார்: ஆஸ்துமா உண்டு. அடினோசின் ஏற்றக் கூடாது. பெரியவர் ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்க்கிறார். ‘அடினோசின்’ இரண்டாவது முறையில் சரியாக வருகிறது. மகன் அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொள்கிறான்.